தோலுக்கு ஓட்ஸ்: தூள், தண்ணீர், கிளிசரின் சாறு வீட்டிலேயே தயாரிக்கும் முறை

வறண்டு அரிக்கும் தோலுக்கு ஓட்ஸ் நல்லது என்று கேள்விப்பட்டதும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். சமையலறையில் இருக்கும் ஓட்ஸை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, தயிரில் குழைத்து முகத்தில் அப்புவது. அது காய்ந்து பொருக்கு பொருக்காக உதிரும், வாஷ்பேசினை அடைக்கும், தோலில் சொல்லும்படி ஒன்றும் நடக்காது. ஓட்ஸ் மேல் தவறில்லை, அரைத்த பதத்தில்தான் தவறு.

ஓட்ஸில் தோலுக்கு வேலை செய்பவை இரண்டு. ஒன்று பீட்டா குளுக்கன்: தண்ணீர் பட்டதும் வழவழப்பாகி, தோல்மேல் மெல்லிய ஈரப் படலமாக நிற்கும். மற்றது அவெனாந்த்ரமைடுகள்: மிகச் சிறிய அளவில் இருந்தாலும் அரிப்பையும் சிவப்பையும் தணிப்பவை. இரண்டும் தானியத்துக்குள் அடைபட்டிருக்கின்றன. தண்ணீரில் மிதந்து நிற்கும் அளவுக்கு நுண்ணியதாக அரைத்தால்தான் முழுதாக வெளியே வரும். அப்படி அரைத்ததைத்தான் கூழ்ம ஓட்ஸ், அதாவது கொலாய்டல் ஓட்மீல் என்று விற்கிறார்கள்.

செலவு: சாதா ஓட்ஸ் கிலோ சுமார் 150 முதல் 250 ரூபாய். நுண்சல்லடை ஒன்று சில நூறு ரூபாய், ஒருமுறை வாங்கினால் போதும். கிராம் கணக்கில் நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசும் அதே அளவுதான். தூள் மட்டும் போதுமென்றால் தராசு இல்லாமல் சமாளிக்கலாம். கிளிசரின் சாறோ க்ரீமோ செய்வதென்றால் தராசு இல்லாமல் இறங்காதீர்கள். நேரம்: 200 கிராம் தூளுக்கு, ஆற விடும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். கிளிசரின் சாறுக்கு இரண்டு வாரம்.

1. ஓட்ஸ் வாங்குவது

பாக்கெட்டின் பின்புறம் "சேர்மானங்கள்" என்ற இடத்தில் ஓட்ஸ் என்ற ஒரே சொல்தான் இருக்க வேண்டும். மசாலா ஓட்ஸ், தேன் சேர்த்தது, குழந்தைகளுக்கான பால்பவுடர் கலந்தது எதுவும் உதவாது. உப்பும் சர்க்கரையும் மிளகாய்த்தூளும் தோலுக்கு வேண்டாதவை.

ரோல்டு ஓட்ஸ், குவிக் ஓட்ஸ் இரண்டும் ஒரே தானியம்தான். குவிக் ஓட்ஸ் இன்னும் மெல்லிசாகத் தட்டப்பட்டது என்பதால் வீட்டு மிக்ஸிக்கு அதுவே வசதி. ஸ்டீல் கட் ஓட்ஸ் கல் மாதிரி; அதை நுண்ணியதாக அரைப்பதற்குள் ஜார் கொதித்துவிடும்.

தீவனத்துக்காக விற்கும் பச்சை ஓட்ஸ் விதையை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். ஓட்ஸில் கொழுப்பும் இருக்கிறது, அந்தக் கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்ற நொதியும் இருக்கிறது. ஆலையில் ஆவியில் வேக வைக்கும்போது அந்த நொதி செத்துவிடும். பச்சையாக அரைத்தால் அது வேலையைத் தொடங்கி, சில நாளிலேயே தூள் கசந்து சிக்கு வாடை அடிக்கும். கடையில் கிடைக்கும் தட்டை ஓட்ஸ் எல்லாம் ஆவி கண்டவை என்பதால் அந்தக் கவலை இல்லை.

கோதுமை ஒவ்வாமையோ சீலியாக் நோயோ (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், குளூட்டன் இல்லை என்று சான்று போட்ட பாக்கெட்டையே எடுங்கள். வயலிலும் ஆலையிலும் கோதுமை கலப்பது சாதாரணம்.

2. காய வைத்து அரைப்பது

கடலோர ஊர்களில் பிரித்த பாக்கெட் இரண்டே நாளில் நமுத்துப்போகும். நமுத்த ஓட்ஸ் அரைபடாது, ஜாரின் அடியில் அப்பிக்கொள்ளும். கனமான கடாயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, ஓட்ஸைப் போட்டு ஐந்து நிமிடம் கிளறுங்கள். நிறம் மாறக்கூடாது, வறுத்த வாசனையும் வரக்கூடாது. ஈரம் போனால் போதும். பிறகு தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆற விடுங்கள். சூட்டோடு அரைத்தால் உள்ளே வியர்த்து மறுபடி கட்டி தட்டும்.

ஜார் ஈரமில்லாமல், மிளகாய் வாடை இல்லாமல் இருக்க வேண்டும். ஓட்ஸுக்கென்று தனி ஜார் ஒதுக்க முடியாதென்றால், முதலில் ஒரு பிடி அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டி, கழுவித் துடைத்து வெயிலில் காய வையுங்கள். மாவு மில்லில் கொடுத்து அரைப்பதை மட்டும் செய்யாதீர்கள். உங்களுக்கு முன்னால் யாரோ மிளகாயோ மல்லியோ கோதுமையோ அரைத்திருப்பார்கள். சமையலுக்கு அது பொருட்டில்லை. அரிக்கும் தோலில் பூசினால் இரவெல்லாம் எரியும்.

சின்ன ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். பத்துப் பதினைந்து விநாடி ஓட்டம், ஒரு குலுக்கல், மறுபடி ஓட்டம். மொத்தம் இரண்டு நிமிடம் வரும். ஜாரைத் தொட்டால் சுட்டது என்றால் நிறுத்தி ஆற விடுங்கள்.

3. சலிப்பது: இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள்

அமெரிக்க மருந்துத் தர நூல் கூழ்ம ஓட்ஸுக்கு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், அளவு வகுத்திருக்கிறது: 150 மைக்ரானைவிடப் பெரிய துகள் 3 சதவீதத்துக்கு மேல் கூடாது, 75 மைக்ரானைவிடப் பெரியது 20 சதவீதத்துக்கு மேல் கூடாது. சல்லடைக் கணக்கில் சொன்னால் 100 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு நூறு கண்) சல்லடையின் கண் 150 மைக்ரான், 200 மெஷ் கண் 75 மைக்ரான். வீட்டு மிக்ஸியால் இந்தத் தரத்தை முழுதாக எட்டுவது கடினம். ஆனால் 100 மெஷ்ஷில் சலித்தாலே பயன்படுத்தத் தக்க தூள் கிடைக்கும். வீட்டில் ரவையும் மாவும் சலிக்கிற சல்லடையின் கண் இதைவிடப் பெரியது, அதை நம்ப வேண்டாம்.

சல்லடை கிடைக்காவிட்டால் சித்த மருந்துச் சூரணத்துக்குச் செய்யும் வஸ்திரகாயம் இருக்கவே இருக்கிறது. அகலமான பாத்திரத்தின் வாயில் கஞ்சி இல்லாத மெல்லிய வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி, மேலே தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விரலால் தேய்த்து இறக்குங்கள். மெதுவான வேலைதான். ஆனால் இறங்குவது கடைச் சல்லடையில் வருவதைவிடவும் நயமாக இருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

சல்லடைமேல் நிற்பதைக் குப்பையில் போட்டுவிடுவதுதான் பெரிய தவறு. முதலில் இறங்குவதில் பெரும்பகுதி தானியத்தின் நடுவில் இருக்கும் மாவுச்சத்து. மேலே நிற்பது தவிடு. பீட்டா குளுக்கன் அதிகமாக இருப்பது அங்கேதான். அதைத் தள்ளிவிட்டால் கையில் இருப்பது கிட்டத்தட்ட வெறும் மாவு. நின்றதை மறுபடி ஜாரில் போட்டு அரைத்து, சலித்து, மறுபடி அரைத்து என்று மூன்று நான்கு சுற்று போங்கள். கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்சும், அது குதிகால் தேய்க்க ஆகும். எல்லாச் சுற்றுத் தூளையும் ஒன்றாகக் கலந்து இன்னொரு முறை சலித்துவிடுங்கள். முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் தனித்தனியாக வைத்தால் இரண்டும் இரண்டு விதமாக வேலை செய்யும்.

4. டம்ளர் சோதனை

ஒரு கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரில், சுமார் 200 மில்லி, ஒரு டீஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பால் மாதிரி ஆகி, பத்து நிமிடம் கழித்தும் வெண்மையாகவே நிற்க வேண்டும். அடியில் மெல்லிய படிவு இருந்தால் பரவாயில்லை. விரல்களுக்கிடையில் தேய்த்தால் வழவழப்பு தெரிய வேண்டும், நறநறப்பு கூடாது. அரிசி களைந்த நீர் போல மேலே தெளிந்து கீழே படிந்துவிட்டால் மறுபடி அரைக்க வேண்டியதுதான்.

வெந்நீரில் சோதிக்காதீர்கள். மாவுச்சத்து வெந்து கஞ்சியாகிவிடும். மட்டமான தூளும் தேறிவிட்ட மாதிரி தெரியும்.

5. சேமிப்பு

ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில், மூடி இறுக்கமாக. வெளியே இரண்டு மாதம், ஃப்ரிட்ஜில் ஆறு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள், பாட்டில் அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். வண்டு வந்தாலும், பழைய எண்ணெய் வாடை வந்தாலும் அதோடு சரி, கொட்டிவிடுங்கள். பாட்டில்மேல் அரைத்த தேதியை எழுதி ஒட்டுவது அவசியம். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்ட தேதி ஞாபகத்தில் இருப்பதே இல்லை.

6. பக்கெட் குளியல்

ஓட்ஸ் குளியல் பற்றி எழுதப்பட்டவை எல்லாம் தொட்டிக்குச் சொன்னவை. நம் வீடுகளில் பக்கெட்தான். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003-இல் கூழ்ம ஓட்ஸைத் தோல் காக்கும் பொருளாக ஏற்று, குறைந்தபட்ச அளவை 0.007 சதவீதம் என்று வைத்தது. 15 லிட்டர் பக்கெட்டுக்கு அது ஒரு கிராம்தான் வரும். தொட்டியில் ஊறுவதுபோல நாம் ஊறுவதில்லை, மேலே ஊற்றியதும் ஓடிவிடும் என்பதால் தாராளமாகவே போடலாம். ஆனால் கிண்ணம் கிண்ணமாகக் கொட்டத் தேவையில்லை.

முதலில் சாதாரணமாகக் குளித்து முடியுங்கள், சோப்பு போடுவதென்றால் அப்போதே. பிறகு நான்கைந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி தூளை, சுமார் 15 கிராம், தூவியபடி கையால் கலக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கொழுக்கட்டை மாதிரி உருண்டுவிடும். அதை மக்கில் மொண்டு மெதுவாக மேலே விட்டு, தோலில் தடவி, பத்து நிமிடம் அப்படியே இருங்கள். கடைசியாக ஒரு மக் சுத்தத் தண்ணீர். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே எண்ணெயோ க்ரீமோ தடவுங்கள். சூடான தண்ணீர் அரிப்பைக் கூட்டும்.

தரை பயங்கரமாக வழுக்கும். வயதானவர்களுக்குக் குளிப்பாட்டும்போது ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள், முடிந்ததும் தரையைக் கழுவிவிடுங்கள்.

அரைக்க நேரமில்லாத நாளில், அரை கப் ஓட்ஸை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிசையுங்கள். வெண்மையாக வழவழப்பு இறங்கும். தூள் அளவுக்கு வராது, ஆனாலும் பயனுண்டு. அந்த மூட்டையை மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

7. ஓட்ஸ் தண்ணீர்

ஒரு பங்கு ஓட்ஸ், பத்துப் பங்கு தண்ணீர்: 20 கிராமுக்கு 200 மில்லி. கொதித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, துணியில் தானாக வடிய விடுங்கள். பிழிந்தால் மாவு இறங்கிக் கூழாகிவிடும். சூடு 55 டிகிரியைத் தாண்டினாலும் அதே கதி.

எரிச்சல் உள்ள இடத்தில் துணியில் நனைத்து ஒற்றிப் போடவும், முல்தானி மிட்டி, கடலைமாவு குழைக்கவும் நல்லது. ஆனால் இது கிருமிக்கும் நல்ல சாப்பாடு. ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெளியே வைத்தால் கோடைக்காலத்தில் இரண்டு மணி நேரம். புளித்த வாடை வராததாலேயே நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி ஒரு வாரம் முகத்தில் அடிப்பது, புண்ணுள்ள தோலில் வேண்டுமென்றே கிருமியைத் தெளிப்பதற்குச் சமம்.

8. கிளிசரின் சாறு

நாள்பட வைத்துப் பயன்படுத்த ஏதாவது வேண்டுமென்றால் இதுதான் வழி. அவெனாந்த்ரமைடுகள் எண்ணெயில் சரியாகக் கரையாதவை. தண்ணீரும் கிளிசரினும் கலந்த நீர்மத்தில் கரையும்.

மருந்துக்கடையில் ஐ.பி. (இந்திய மருந்துத் தர நூலின் சுருக்கம்) என்று அச்சிட்ட கிளிசரின் வாங்குங்கள். தொழிற்சாலைத் தரம் வேண்டவே வேண்டாம். அழகுப் பொருள் அலமாரியில் இருக்கும் கிளிசரின் பாட்டில்களில் சிலவற்றில் பன்னீரோ தண்ணீரோ ஏற்கெனவே கலந்திருக்கும். சந்தேகமென்றால் 100 மில்லி அளந்து நிறுத்துப் பாருங்கள்: சுத்தமானது சுமார் 126 கிராம் இருக்கும். 115 காட்டினால் அது நீர்த்தது.

அளவு: கிளிசரின் 150 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் 50 கிராம், ஒன்றிரண்டாகப் பொடித்த ஓட்ஸ் 40 கிராம். எல்லாமே எடைக் கணக்கு. மில்லியில் அளந்தால் விகிதம் தவறும். இங்கே நயமான தூளைப் போடாதீர்கள், வடிகட்டவே முடியாது. கொதிநீரில் கழுவி முழுக்க உலர்ந்த கண்ணாடி ஜாடியில் கலந்து மூடி, வெயில் படாத இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். தினம் ஒருமுறை குலுக்குங்கள். அவசரமென்றால் ஜாடியை 50 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்கலாம். துணியில் ஊற்றி ஒரு ராத்திரி தானாக வடிய விடுங்கள். ஓட்ஸ் கணிசமாகக் குடித்துவிடும் என்பதால் போட்டதெல்லாம் திரும்பி வராது.

தண்ணீரைக் கூட்டி மலிவாக முடிக்கலாமே என்று தோன்றும். 75 சதவீத கிளிசரினில் கிருமிக்கு எட்டும் நீர் இருக்காது, அதனால்தான் கெடாமல் இருக்கிறது. பாதிக்குப் பாதி ஆக்கினால் பூஞ்சை வரும்.

அப்படியே முகத்தில் பூசினால் பிசுபிசுக்கும், சிலருக்கு எரியும். லோஷனிலோ ஜெல்லிலோ 100 கிராமுக்கு 3 முதல் 5 கிராம் சேர்ப்பதற்கானது இது.

9. எண்ணெயில் ஊறவைப்பது

வேண்டாம். தேங்காய் எண்ணெயில் ஓட்ஸை மாதக்கணக்கில் ஊறவைத்து ஓட்ஸ் எண்ணெய் என்கிறார்கள். பீட்டா குளுக்கன் எண்ணெயில் கரையாது. ஓட்ஸில் உள்ள கொழுப்பு மட்டும் துளி இறங்கலாம். கடைகளில் விற்கும் ஓட்ஸ் எண்ணெய் ஆலையில் பிரித்தெடுப்பது. அது வேறு சமாச்சாரம். எண்ணெயும் ஓட்ஸும் சேர வேண்டுமென்றால் அடுத்துச் சொல்லும் தைலத்தில் தூளையே போட்டுவிடுங்கள்.

10. தைலத்திலும் க்ரீமிலும் சோப்பிலும்

புதியவர்களுக்குத் தண்ணீரே இல்லாத தைலம்தான் பத்திரம். 100 கிராமுக்கு: தேங்காய் எண்ணெய் 60, தேன்மெழுகு 20, கோகம் வெண்ணெய் (கோகம் பழ விதையின் கொழுப்பு) 15, ஓட்ஸ் தூள் 5. முதல் மூன்றையும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறு பாத்திரம் வைத்து உருக்கி, இறக்கி, கலங்கல் தட்ட ஆரம்பிக்கும்போது தூளைச் சேர்த்துக் கெட்டியாகும் வரை கிளறுங்கள். தெளிவாக இருக்கும்போதே சேர்த்தால் தூள் முழுக்க அடியில் உட்கார்ந்துவிடும். மார்கழியில் கெட்டியாகத் தோன்றினால் மெழுகை 15 ஆக்கி எண்ணெயை 65 ஆக்கலாம். ஈரக் கையால் தொட்டால் தூள் ஊறி உள்ளேயே பூஞ்சை பிடிக்கும், ஸ்பூனால் எடுங்கள்.

தண்ணீர் சேர்ந்த க்ரீமுக்குப் பதப்படுத்தி, அதாவது கிருமி வளராமல் தடுக்கும் பொருள், கட்டாயம். வைட்டமின் ஈ பதப்படுத்தி இல்லை. எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். வேப்பெண்ணெயும் டீ ட்ரீ எண்ணெயும் க்ரீமைக் காக்கும் அளவுக்குப் போதாதவை. பீனாக்ஸி எத்தனாலும் எத்தில்ஹெக்சில் கிளிசரினும் கலந்த கலவை 100 கிராமுக்கு ஒரு கிராம் வரை போடுவது வழக்கம். பாட்டிலில் தயாரிப்பாளர் சொன்ன உச்சவரம்பைத் தாண்டாதீர்கள். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் என்றால் பி.எச் (அமில, கார அளவு) 5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால்தான் வேலை செய்யும், பி.எச் தாள் வாங்கிப் பாருங்கள். ஓட்ஸ் தூள் ஒரு கிராமுக்கு மேல் வேண்டாம், அதைக் கிளிசரினில் குழைத்துக் கடைசியில் சேர்க்கவும். மாவு கூடினால் பதப்படுத்தி தடுமாறும். செய்வது சின்ன அளவாகவே இருக்கட்டும், ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோகிற மாதிரி.

சோப்பில் ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு மேசைக்கரண்டி தூள், கலவை கெட்டியாகத் தொடங்கும்போது. சோப்புக்கான காரத்தை (காஸ்டிக் சோடா) ஓட்ஸ் தண்ணீரில் கரைக்காதீர்கள், பசையாகிப் பழுப்பேறும். கழுவிவிடும் பொருள் என்பதால் பெரிய பலனை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

11. பூசிப் பார்ப்பது

ஓட்ஸ் சாதுதான், ஆனாலும் அதிலும் தானியப் புரதம் உண்டு. ஒவ்வாமை வரலாம், எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோய் உள்ள குழந்தைகளுக்கு வாய்ப்பு கூடுதல், அவர்களின் தோல் ஏற்கெனவே விரிசல் விட்டது. முழங்கை மடிப்பில் காலையும் மாலையும் மூன்று நாள் பூசிப் பாருங்கள். தடிப்போ அரிப்போ வந்தால் கழுவிவிட்டு விட்டுவிடுங்கள். நீர் வடியும் புண், சீழ், காய்ச்சலோடு வரும் தடிப்பு என்றால் ஓட்ஸில் நேரத்தைப் போக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் என்றால் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

12. விற்பதாக இருந்தால்

தெரிந்தவர்கள் கேட்கிறார்கள் என்று இரண்டு பாட்டில் காசுக்குக் கொடுத்தாலும் அது விற்பனைதான். இந்தியாவில் அழகுசாதனப் பொருள் தயாரித்து விற்க 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் தேவை. விண்ணப்பம் சி.ஓ.எஸ்-5 படிவத்தில், உரிமம் சி.ஓ.எஸ்-8 படிவத்தில். வழங்குவது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சமையலறை மேடையைக் காட்டி அதை வாங்க முடியாது. தனி இடம், கருவிகள், தகுதியுள்ள ஆள் என்று நிபந்தனைகள் உண்டு. உணவுக்கு வாங்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இதற்குச் செல்லாது. அந்த உணவுப் பதிவை வைத்துக்கொண்டு பாட்டிலுக்கு லேபிள் அச்சடிக்கிறவர்கள் நிறைய. சொந்த இடம் இல்லாதவர்கள், ஏற்கெனவே உரிமம் உள்ள தொழிற்கூடத்தில் தயாரித்து வாங்கும் கடன் உரிமத்துக்கு சி.ஓ.எஸ்-6 படிவம். லேபிள் அச்சுக்குக் கொடுக்கும் முன் உரிமத்தை வாங்கிவிடுங்கள், உரிம எண் இல்லாமல் அச்சடித்த லேபிள் எடைக்குத்தான் போகும்.